செயலிக் கடைகளில் தரமும் இணக்கமும் திறந்தநிலையும்

கைப்பேசியில் இயங்கும் மென்பொருளைத் தேடவும் வாங்கவும் நிறுவவும் புதுப்பிக்கவும் ஒரே இடமாக விளங்கும் செயலிக் கடை, கோடிக்கணக்கானோரின் அன்றாடப் புழக்கத்தில் இருப்பினும், மென்பொருள் வரலாற்றில் மிக அண்மையில் தோன்றிய அமைப்பாகும். 2007 இல் ஐபோன் வெளிவந்தபோது வெளியார் எழுதிய செயலிகளை அதில் நிறுவ வழியே இருக்கவில்லை. உலாவியில் இயங்கும் இணையச் செயலிகளே போதும் என்பது அப்போதைய ஆப்பிளின் நிலைப்பாடு. மறு ஆண்டு ஜூலை 10 அன்று ஏறத்தாழ 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் வந்த முதல் கைப்பேசியான டி-மொபைல் ஜி1 உடன் கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் தொடங்கியது. 2012 இல் அது கூகுள் ப்ளே எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இவ்விரு கடைகளையும், இவற்றுக்கு மாற்றாக எழுந்த பிறவற்றையும் மதிப்பிட மூன்று அளவுகோல்கள் உள்ளன. கடையில் கிடைக்கும் செயலி பிழையும் தீங்கும் இன்றி இயங்குகிறதா என்பது தரம். பல நிறுவனங்கள் பல காலங்களில் செய்த கருவிகளிலும் இயங்குதளப் பதிப்புகளிலும் அதே செயலி ஒழுங்காக இயங்குகிறதா என்பது இணக்கம். எவர் செயலி எழுதலாம், எவ்வழியாக வழங்கலாம், அதன் மூல நிரலை எவர் பார்க்கலாம் என்பன திறந்தநிலை. இம்மூன்றும் தனித்தனியே விளக்கப்படுவது வழக்கமாயினும், நடைமுறையில் ஒன்றைக் கூட்டும் முடிவு பெரும்பாலும் மற்றொன்றைக் குறைத்துவிடுகிறது. ஆகவே, எதற்காக எது விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பதையும், அதை முடிவு செய்பவர் எவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு செயலிக் கடையின் உண்மையான இயல்பு புலப்படும்.

பொதியும் கையொப்பமும்

ஆண்ட்ராய்டில் ஒரு செயலி ஏபிகே எனப்படும் ஒற்றைக் கோப்பாக வந்து சேர்கிறது. இது உண்மையில் ஒரு ஸிப் பொதியே. அதனைப் பிரித்துப் பார்த்தால், கருவி இயக்கவேண்டிய நிரல், படங்களும் திரை அமைப்புகளும், ஒவ்வொரு வகைப் புராசசருக்கும் உரிய நூலகக் கோப்புகள், இவற்றோடு மேனிஃபெஸ்ட் என்னும் விவரக் கோப்பு ஒன்றும் காணப்படும். செயலியின் தனிப்பெயர், அது கோரும் அனுமதிகள், கேமரா போன்று அதற்குத் தேவைப்படும் வன்பொருள்கள், அது இயங்கக்கூடிய மிகக் குறைந்த ஆண்ட்ராய்டு பதிப்பு ஆகியன இந்த விவரக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். இவற்றைப் படித்தே கடை ஒரு செயலியை எந்தக் கைப்பேசிக்குக் காட்டுவது, எதற்கு மறைப்பது என்று தீர்மானிக்கிறது. அதனால்தான் ஒருவரது கைப்பேசியில் காணப்படும் செயலி, அருகிலிருப்பவரின் பழைய கைப்பேசியில் தேடினால் அகப்படாமல் போகிறது.

பொதி முழுவதும் உருவாக்குநரின், அல்லது அவருக்காகக் கடையின், டிஜிட்டல் கையொப்பத்தால் முத்திரையிடப்படுகிறது. கையொப்பமிடுபவர் மட்டுமே வைத்திருக்கும் இரகசியச் சாவியால் இடப்படும் கணித முத்திரை இது. பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. ஒரு செயலியின் புதிய பதிப்பு வரும்போது, பழைய பதிப்பில் உள்ள அதே சாவியின் கையொப்பம் இருந்தால் மட்டுமே கைப்பேசி அதனை ஏற்கும். ஆகவே ஒரு கடையில் நிறுவிய செயலியை, வேறொரு சாவியால் கையொப்பமிடும் மற்றொரு கடையிலிருந்து புதுப்பிக்க முயன்றால் கைப்பேசி மறுத்துவிடும்; பழையதை நீக்கிவிட்டு, அதில் சேர்ந்திருந்த தரவுகளையும் இழந்து, புதிதாகத்தான் நிறுவ வேண்டியிருக்கும். பாதுகாப்புக்காக ஏற்பட்ட இந்த விதியே, பயனர் ஒரு கடையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைக் கடினமாக்கும் தடையாகவும் அமைந்துவிடுகிறது.

தரத்தை அளக்கும் வழிகள்

செயலியின் தரத்தைக் காக்க மூன்று அடுக்குகளில் ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, இயங்குதளத்திலேயே அமைந்த தடுப்பு. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் லினக்ஸ் இயங்குதளத்தின் தனியொரு பயனராகவே நடத்துகிறது; ஆகவே ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் தனித்தனிப் பூட்டுச் சாவியோடு குடியிருப்பவர்களைப் போல, ஒரு செயலி மற்றொன்றின் கோப்புகளுக்குள் நுழைய முடிவதில்லை. சாண்ட்பாக்ஸ் எனப்படும் இந்த ஏற்பாடு ஐபோனிலும் உண்டு. தொடர்புப் பட்டியல், இருப்பிடம், ஒலிவாங்கி போன்ற பொது வளங்களைத் தொட வேண்டுமானால் செயலி பயனரின் அனுமதியைப் பெற்றாக வேண்டும்.

இரண்டாவது அடுக்கு, கடையின் சோதனை. ஆப்பிள் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு செயலியையும் வெளியிடுமுன் ஆராய்ந்து வந்தபோதிலும், எந்த விதிகளின்படி ஆராய்கிறது என்பதை 2010 இல்தான் வழிகாட்டு நெறிகளாக வெளியிட்டது. முன்சோதனை ஏதுமின்றித் தொடங்கிய கூகுள், செயலிகளைப் போலியான சூழலில் ஓடவிட்டு அவற்றின் நடத்தையைக் கவனிக்கும் பௌன்ஸர் என்னும் தானியங்கி முறையை 2012 இலும், ஆட்களைக் கொண்டு ஆராயும் முறையை 2015 இலும் அறிவித்தது.

இந்தச் சோதனையின் எல்லையை 2015 செப்டம்பரில் வெளிப்பட்ட எக்ஸ்கோட்கோஸ்ட் விவகாரம் காட்டியது. ஐபோன் செயலிகளை எழுதப் பயன்படும் எக்ஸ்கோட் என்னும் கருவியை ஆப்பிளின் தளத்திலிருந்து இறக்குவது சீனாவில் மிக மெதுவாக நடந்ததால், நிரலாளர் பலர் உள்ளூர்க் கோப்புப் பகிர்வுத் தளங்களில் கிடைத்த பிரதிகளைப் பயன்படுத்தினர். அப்பிரதிகளில் சில திருத்தப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு உருவாக்கிய ஒவ்வொரு செயலியிலும், எழுதியவருக்கே தெரியாமல், தீங்கான நிரல் சேர்ந்துகொண்டது. வீசாட் என்னும் செய்திச் செயலியின் ஒரு பதிப்பு உட்படப் பல செயலிகள் இந்தக் குறையோடு ஆப் ஸ்டோரின் சோதனையைக் கடந்து பயனரை அடைந்தன. மூல நிரலைப் பார்க்காமல் முடிந்த பொதியை மட்டும் ஆராயும் எந்தச் சோதனைக்கும், அப்பொதி எவ்வாறு உருவானது என்பது தெரிவதில்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

மூன்றாவது அடுக்கு, வெளியான பின் தொடரும் அளவீடு. பயனர் திரையைத் தொட்ட பின் ஐந்து நொடிகளுக்குள் செயலி பதில் தராவிட்டால், ஆண்ட்ராய்டு அதனைச் செயலற்ற நிலையாகப் பதிவு செய்கிறது. 28 நாட்களின் சராசரியாக, அன்றாடப் பயனர்களில் 1.09 விழுக்காட்டினருக்கு மேல் ஒரு செயலி திடீரென நின்றுபோனாலோ, 0.47 விழுக்காட்டினருக்கு மேல் அது பதிலளிக்காமல் உறைந்தாலோ, கூகுள் ப்ளே அதனைத் தரக்குறைவானதாகக் கொண்டு, தேடலிலும் பரிந்துரையிலும் பின்னுக்குத் தள்ளுகிறது. குறிப்பிட்ட ஒரு கைப்பேசி மாதிரியில் மட்டும் இந்தக் குறை 8 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த மாதிரியை வைத்திருப்போருக்கு எச்சரிக்கையும் காட்டப்படலாம். அளக்கக்கூடிய தரத்தை இம்முறை நன்கு அளக்கிறது. ஆனால், சீராக ஓடிக்கொண்டே பயனரை ஏமாற்றும் செயலியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கைப்பேசியின் விளக்கை எரியவைக்கும் புகழ்பெற்ற ஆண்ட்ராய்டு செயலி ஒன்று, பயனரின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதற்காக, அதன் உருவாக்குநர்மீது 2013 இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. விளக்கு எரிவதில் அச்செயலிக்கு எந்தக் குறையும் இல்லை.

இணக்கம் என்னும் ஒப்பந்தம்

இயங்குதளம் தன் வசதிகளைச் செயலிகளுக்குத் திறந்துவிடும் இடைமுகம் ஏபிஐ எனப்படுகிறது. ஆண்ட்ராய்டின் பதிப்புகள் வளருந்தோறும் இந்த இடைமுகத்துக்கு ஓர் எண் கூடிக்கொண்டே வருகிறது; ஆண்ட்ராய்டு 6 இன் எண் 23. செயலியின் விவரக் கோப்பில் இரண்டு எண்கள் முக்கியமானவை: ஒன்று, அது இயங்கக்கூடிய மிகக் குறைந்த பதிப்பு, மற்றொன்று, அது எந்தப் பதிப்பை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பதைக் குறிக்கும் இலக்கு எண். இலக்கு எண் பழையதாக இருந்தால், புதிய ஆண்ட்ராய்டும் அச்செயலிக்காகப் பழைய விதிகளின்படியே நடந்துகொள்கிறது. பழைய செயலிகள் உடைந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த ஏற்பாடு இது.

இதன் மறுபக்கம் விரைவிலேயே தெரியவந்தது. அனுமதிகளை நிறுவும்போதே மொத்தமாகப் பெற்றுக்கொள்ளும் பழைய முறையை மாற்றி, தேவைப்படும் வேளையில் ஒவ்வொன்றாகக் கேட்கும் முறையை 2015 இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6 கொண்டுவந்தது. ஆனால் இலக்கு எண்ணை 22 என்று எழுதிக்கொண்ட செயலி, புதிய கைப்பேசியிலும் பழைய முறைப்படி எல்லா அனுமதிகளையும் ஒரேயடியாகப் பெற முடிந்தது; தீங்கு நினைத்தவர்கள் இந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டனர். ஆகவே 2018 முதல், புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் அண்மைப் பதிப்பை இலக்காகக் கொண்டிருக்க வேண்டும் என்று கூகுள் ப்ளே விதித்தது; இலக்கு எண் 23 க்குக் கீழுள்ள செயலிகளை நிறுவவே 2023 இல் வந்த ஆண்ட்ராய்டு 14 மறுக்கிறது. இணக்கத்திற்காகத் திறந்துவைத்த வழி, தரத்திற்காக மூடப்பட்டது.

இத்தகைய மாற்றங்களின் விலையை, பராமரிப்பார் இல்லாத செயலிகள் செலுத்துகின்றன. 2017 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11, 32 பிட் முறையில் எழுதப்பட்ட செயலிகளை இயக்குவதை அடியோடு நிறுத்தியது. எழுதியவர்கள் திரும்பிப் பார்க்காத விளையாட்டுகளும் கருவிகளும் ஒரே புதுப்பிப்பில் பயனற்றுப்போயின. கூகுளும் 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட் நிரலைக் கட்டாயமாக்கியது. வேகத்திற்கும் பாதுகாப்பிற்கும் இவை தேவையானவையே எனினும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு செயலி கடையிலிருந்து மறைவது அதன் தரக்குறைவால் மட்டும் நிகழ்வதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

கருவி தயாரிப்பவர்களின் பக்கத்திலும் இணக்கத்திற்கு ஒரு சோதனை உண்டு. ஆண்ட்ராய்டுக் கருவி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கூகுள் ஓர் ஆவணமாக வெளியிட்டு, அதனைச் சரிபார்க்கும் சோதனைத் தொகுதி ஒன்றையும் வழங்குகிறது. இதில் தேறாத கருவி ப்ளே ஸ்டோரைப் பெற முடியாது. ஒரே செயலி பல்வேறு நிறுவனங்களின் ஆயிரக்கணக்கான மாதிரிகளில் ஏறத்தாழ ஒரேபோல் இயங்குவதற்கு இச்சோதனை ஒரு முதன்மைக் காரணம்.

இணக்கத்தின் அருமையைத் தமிழ்ப் பயனர் தம் மொழி வழியாகவே உணர்ந்திருப்பர். ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்து, ககரத்தையும் அதன் பின்னே ஓர் உயிர்க்குறியையும் கொண்டு சேமிக்கப்படுகிறது. அக்குறியை இரண்டாகப் பிரித்து ககரத்தின் இருபுறமும் அமைப்பது, எழுத்துகளை வடிவமைக்கும் இயங்குதள நிரலின் வேலை. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசிகளில் எழுத்துகளுக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்களே தெரிந்தன. எழுத்துரு இருந்தும் வடிவமைப்பு இல்லாத இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. செயலி எழுதியவர் சிலர் எழுத்துருவைப் பொதிக்குள்ளேயே வைத்து, ஒருங்குறி உரையைப் பழைய குறியாக்கத்திற்கு மாற்றிக் காட்டித் தப்பித்தனர். இயங்குதளமே தமிழைச் சரியாகக் காட்டத் தொடங்கிய பிறகுதான், சாதாரண நிரலாளரும் தமிழ்ச் செயலியை இத்தகைய சிரமம் இன்றி எழுத முடிந்தது.

திறந்தநிலையின் படிகள்

ஒரு கடையையோ இயங்குதளத்தையோ ‘திறந்தது’ என்று ஒரே சொல்லில் கூறிவிடுவது குழப்பத்திற்கே இடம் தரும். மூல நிரல் திறந்திருக்கலாம். நிறுவும் வழி திறந்திருக்கலாம். விதிகள் வெளிப்படையாக இருக்கலாம். பணம் செலுத்தும் முறை கட்டற்றதாக இருக்கலாம். இவற்றுள் ஒன்று இருப்பதால் மற்றவை இருந்தாக வேண்டும் என்பதில்லை.

ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் அப்பாச்சி உரிமத்தின்கீழ் எவரும் எடுத்தாளக்கூடியது. ஆனால் ப்ளே ஸ்டோர், வரைபடம், அறிவிப்புகளை அனுப்பும் சேவை ஆகியன கூகுளின் தனியுடைமைத் தொகுப்பைச் சேர்ந்தவை. அவற்றைப் பெற உரிம ஒப்பந்தம் வேண்டும். 2019 மே மாதம் அமெரிக்க அரசு வணிகத் தடை விதித்தபின், ஹுவாவே தன் புதிய கைப்பேசிகளில் ஆண்ட்ராய்டின் திறமூல நிரலை வைத்துக்கொள்ள முடிந்ததே தவிர, கூகுள் சேவைகளை வைத்துக்கொள்ள முடியவில்லை. அச்சேவைகளை நம்பி எழுதப்பட்ட செயலிகள் அக்கைப்பேசிகளில் திறந்தும் முழுமையாக இயங்காமல் நின்றன. நிரல் திறந்திருந்தும் இணக்கம் உரிமத்தைச் சார்ந்தே நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

கட்டற்ற மென்பொருளுக்கும் மூடிய கடைக்கும் இடையே உள்ள முரணை வீஎல்சி என்னும் காணொளி இயக்கியின் வரலாறு விளக்குகிறது. ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வெளியான மென்பொருளைப் பெறுபவர்மீது, அவ்வுரிமம் தரும் உரிமைகளைக் குறைக்கும் கூடுதல் கட்டுப்பாடு எதையும் சுமத்தக் கூடாது. ஆப் ஸ்டோரின் பயன்பாட்டு விதிகள் இதனோடு பொருந்தவில்லை என்று வீஎல்சியின் உருவாக்குநர்களுள் ஒருவரே முறையிட்டதால், 2011 ஜனவரியில் அது கடையிலிருந்து நீக்கப்பட்டது; உரிமம் மாற்றி எழுதப்பட்ட பின் 2013 இல் திரும்பி வந்தது.

இதற்கு நேர் எதிரான முறையில் இயங்குவது 2010 இல் தொடங்கிய எஃப்-டிராய்டு. கட்டற்ற மென்பொருளை மட்டுமே ஏற்கும் இக்கடை, உருவாக்குநர் தரும் பொதியை அப்படியே வாங்கி வைப்பதில்லை. மூல நிரலைப் பெற்றுத் தானே தொகுத்துப் பொதி செய்கிறது. விளம்பரம் காட்டுதல், பயனரைப் பின்தொடர்தல், கட்டற்றதல்லாத சேவையைச் சார்ந்திருத்தல் போன்ற விரும்பத்தகாத இயல்புகள் செயலிக்கு இருந்தால், அவற்றை அச்செயலியின் பக்கத்திலேயே குறித்துக் காட்டுகிறது. மேலும், ஒரே மூல நிரலிலிருந்து எவர் தொகுத்தாலும் பைட்டுக்குப் பைட் அதே பொதி கிடைக்கவேண்டும் என்ற மீளுருவாக்க முறையையும் ஊக்குவிக்கிறது. இம்முறையில் உருவாக்குநரின் பொதியையும் கடை தொகுத்த பொதியையும் எவரும் ஒப்பிடலாம். எக்ஸ்கோட்கோஸ்ட் போன்ற மறைவான திருத்தம் அங்கே வேறுபாடாக வெளிப்பட்டுவிடும். எனினும், தானே தொகுப்பதால் புதுப்பிப்புகள் தாமதமாவதும், வங்கிச் செயலி போன்று மூல நிரல் மூடிய செயலிகள் அங்கே கிடைக்காததும் இம்முறையின் குறைகள்.

கூகுள் இதற்கு மாறான திசையில் நகர்ந்தது. 2021 ஆகஸ்ட் முதல், புதிய செயலிகளை முடிந்த பொதியாக அன்றி, ஆப் பண்டில் என்னும் தொகுப்பாகவே ப்ளே ஸ்டோருக்குத் தர வேண்டும். ஒவ்வொரு கைப்பேசியின் மொழிக்கும் திரைக்கும் புராசசருக்கும் வேண்டியவற்றை மட்டும் பிரித்தெடுத்து, கூகுளே பொதி செய்து கையொப்பமிட்டு அனுப்புகிறது. இறக்கும் அளவு குறைவதும் இணக்கம் கூடுவதும் இதன் ஆதாயம். செயலியின் அடையாளமாகிய சாவி கடைக்காரரின் கையில் சேர்வது இதன் விலை.

பணமும் சட்டமும்

செயலிக்குள் விற்கப்படும் டிஜிட்டல் பொருள்களின் விலையில் 30 விழுக்காட்டை இரு பெருங்கடைகளும் நெடுங்காலம் கட்டணமாகப் பெற்றன. ஆண்டு வருவாய் பத்து இலட்சம் டாலருக்குள் அடங்கும் உருவாக்குநர்களுக்கு ஆப்பிளும், முதல் பத்து இலட்சம் டாலர் வருவாய்க்குக் கூகுளும் 2021 முதல் இதனை 15 ஆகக் குறைத்தன. 2020 ஆகஸ்டில் ஃபோர்ட்நைட் விளையாட்டில் எபிக் நிறுவனம் தன் சொந்தக் கட்டண வழியைச் சேர்த்ததால் அவ்விளையாட்டை இரு கடைகளும் நீக்க, இரண்டு வழக்குகள் பிறந்தன. முற்றிலும் மூடிய கடையை நடத்தும் ஆப்பிள் 2021 தீர்ப்பில் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுபட்டது. வேறு கடைகளுக்கு இடமளிக்கும் ஆண்ட்ராய்டின் உரிமையாளரான கூகுளோ 2023 டிசம்பரில் நடுவர் குழுவின் முன் தோற்றது. வடிவமைப்பில் திறந்துவிட்ட வழியை, கைப்பேசித் தயாரிப்பாளர்களோடும் விளையாட்டு நிறுவனங்களோடும் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் குறுக்கியது என்பதே அதன்மீது எழுந்த குற்றச்சாட்டின் சாரம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது, ஐஓஎஸ் 17.4 வழியாக ஒன்றிய நாடுகளில் மட்டும் மாற்றுக் கடைகளை ஆப்பிள் அனுமதித்தது. அக்கடைகளின் செயலிகளும் ஆப்பிளின் அடிப்படைப் பாதுகாப்புச் சோதனையைக் கடந்தாக வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு தொடர்பாக 1,337.76 கோடி ரூபாயும், ப்ளே ஸ்டோரின் கட்டண முறை தொடர்பாக 936.44 கோடி ரூபாயும் கூகுளுக்கு அபராதம் விதித்தது. பின்னதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 இல் 216.69 கோடியாகக் குறைத்தது. மாற்றுக் கட்டண வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கடைக்குரிய பங்கில் 4 விழுக்காட்டுப் புள்ளிகளே குறைந்தன என்பதால் தகராறு ஓயவில்லை. 2024 மார்ச் முதல் நாளன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம் உள்ளிட்ட சில இந்திய நிறுவனங்களின் செயலிகள் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டு, ஒன்றிய அரசின் தலையீட்டிற்குப் பின் சில நாட்களில் மீண்டும் சேர்க்கப்பட்டன. அச்செயலிகளின் தரமோ இணக்கமோ அங்கே கேள்விக்குள்ளாகவில்லை.

எவர் சரிபார்ப்பது

2025 ஆகஸ்டில் கூகுள் வெளியிட்ட அறிவிப்பு இந்த விவாதத்தை மீண்டும் கூர்மையாக்கியது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டுக் கருவிகளில் எந்த வழியாகச் செயலியை நிறுவினாலும், அதன் உருவாக்குநர் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும், 2026 இல் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் இது தொடங்கும் என்றும் அது கூறியது. மோசடிச் செயலிகளால் பணம் இழப்போரைக் காப்பதே நோக்கம் என்றது கூகுள்; கடைக்கு வெளியே வழங்கும் உரிமையையும் ஒரே நிறுவனத்தின் பதிவேட்டுக்குள் கொண்டுவருவதாகும் இது என்று எஃப்-டிராய்டு எதிர்த்தது. எதிர்ப்பிற்குப் பின், இடர் அறிந்து நிறுவ விரும்பும் அனுபவமுள்ள பயனர்களுக்குத் தனி வழி அமைப்பதாகக் கூகுள் அறிவித்தது.

இரு தரப்பிலும் உண்மை உண்டு. சோதனையே இல்லாத கடை மோசடிக்காரர்களுக்கு வசதியாகிவிடும். ஆனால் சோதிப்பவரே விதிகளை இயற்றி, கட்டணம் பெற்று, மேல்முறையீட்டையும் தாமே விசாரிக்கும்போது, தரத்தின் பெயரால் நடக்கும் நீக்கம் எது, வணிக நலனுக்காக நடக்கும் நீக்கம் எது என்று வெளியிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை. ஆகவே கடைகளிடம் கோர வேண்டியது, நீக்கத்தின் காரணத்தை எழுத்தில் தருதல், தொடர்பில்லாத ஒருவர் மேல்முறையீட்டை விசாரித்தல், பொது நிதியில் உருவாகும் செயலிகளின் மூல நிரலை வெளியிட்டு மீளுருவாக்கத்திற்கு இடமளித்தல் ஆகியவையே. தரத்தைச் சோதிக்கும் அதிகாரம் கடைக்கு இருக்கலாம். அந்தச் சோதனையைச் சோதிக்கும் வழி கடைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் இருக்க வேண்டும்.